நிலக்கரி வெண்ணெயும் பெட்ரோலியப் புரதமும்

1894 ஏப்ரல் 5. பாரிஸில் ரசாயனப் பொருள் உற்பத்தியாளர் சங்கத்தின் விருந்து. உண்டு முடித்த ஆலை முதலாளிகளுக்கு முன்னால் பேச எழுந்தவர் மார்செலின் பெர்த்தலோ. பிரான்ஸின் முதல் வரிசை வேதியியலர், முன்னாள் கல்வி அமைச்சர், அடுத்த ஆண்டே வெளியுறவு அமைச்சராகப் போகிறவர். 2000ஆம் ஆண்டில் உலகம் எப்படியிருக்கும் என்று அவர் விவரித்தார். உழவும் இருக்காது, மேய்ச்சலும் இருக்காது. ஒவ்வொருவரும் தம் பசிக்கு ஒரு சிறு நைட்ரஜன் வில்லை, ஒரு துண்டுக் கொழுப்பு, கொஞ்சம் மாவோ சர்க்கரையோ, வாசனைக்கு ஒரு சிமிழ் மசாலா வைத்திருப்பார்கள். அத்தனையும் ஆலையில் செய்தவை. கரியமில வாயுவிலிருந்து கரி, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன், காற்றிலிருந்து நைட்ரஜன் என்று மூலப்பொருள் எங்கும் கிடைக்கும். மழை பொய்த்தாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். பயிர்களிடமிருந்து விடுபட்ட பூமி ஒரு பெரிய தோட்டமாகிவிடும்.

விருந்துக் களிப்பில் சொன்ன கற்பனையாக இதைத் தள்ளிவிட முடியாது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1854இல், இதே பெர்த்தலோ கிளிசரினையும் கொழுப்பு அமிலங்களையும் கண்ணாடிக் குழாயில் மூடிச் சூடாக்கி, இயற்கைக் கொழுப்பிலிருந்து பிரித்தறிய முடியாத கொழுப்பைச் செய்து காட்டியிருந்தார். உயிருள்ளவற்றின் பொருள்களை உயிரால்தான் உண்டாக்க முடியும் என்ற பழைய நம்பிக்கைக்கு அது பலத்த அடி. 1861இல் ரஷ்யாவின் அலெக்சாண்டர் பட்லெரோவ் இன்னொரு வாசலைத் திறந்தார். ஃபார்மால்டிஹைடைச் சுண்ணாம்பு நீரோடு சூடாக்கியபோது இனிப்பான பாகு ஒன்று கிடைத்தது. கரும்பும் பீட்ரூட்டும் இல்லாமல் சர்க்கரை பிறந்துவிட்டது. அந்தப் பாகில் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்த பல வகைச் சர்க்கரைகளில் மனிதனுக்கு உதவுவதை மட்டும் பிரித்தெடுக்கும் வழிதான் கிடைக்கவில்லை. நூறு ஆண்டு கழித்து விண்வெளி வீரர்களின் உணவுக்காக நாசா அதே வினையை மறுபடி கையில் எடுத்தபோதும் சிக்கல் அதேதான்.

மனிதன் உண்ணும் எதையும் பின்னோக்கித் தொடர்ந்து போனால் ஒரு பச்சை இலையிலோ கடலின் பாசியிலோ போய் நிற்கும். கறி என்றால் அந்த ஆடு தின்ற புல், மீன் என்றால் அதன் இரை தின்ற பாசி. காற்றிலுள்ள கரியை உணவாக மாற்றும் வேலையைப் பச்சையம் கிட்டத்தட்ட ஏகபோகமாக வைத்திருக்கிறது. அந்த ஏகபோகத்தை உடைக்க வேதியியலரும் நுண்ணுயிரியலரும் எடுத்த முயற்சிகளின் வரலாறு நூறாண்டுக்கும் மேல் நீளும். அதில் வியக்க வைப்பது ஒன்று உண்டு. ஆய்வுக்கூடத்தில் அவை பெரும்பாலும் வென்றன. தோற்றதெல்லாம் சந்தையிலும், சாப்பாட்டுத் தட்டிலும், ஆலையைச் சுற்றியிருந்த ஊர்களிலும்தான்.

பெர்த்தலோவின் கனவு முதலில் மெய்யான இடம் பாரிஸ் அல்ல, ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதி. 1925ஐ ஒட்டி மியூல்ஹைமில் இருந்த நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் டிராப்ஷும் நிலக்கரியை வாயுவாக்கி, அந்த வாயுவை உலோக வினையூக்கியின் மேல் செலுத்தி எண்ணெயாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். பெட்ரோல் கிணறு இல்லாத நாடு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கலாம் என்பதே நோக்கம். பெட்ரோலோடு கூடவே ஒரு மெழுகும் வந்தது. அதை எதற்குப் பயன்படுத்துவது?

அருகிலிருந்த விட்டன் நகரில் ஆர்தர் இம்ஹாவ்ஸன் என்ற சோப்பு ஆலை அதிபர் அதற்கு விடை கண்டார். மெழுகைச் சூடாக்கி அதனூடே காற்றைச் செலுத்தினால் நீண்ட கரிச் சங்கிலிகள் அறுந்து கொழுப்பு அமிலங்களாகும். அதில் சோப்பு செய்யலாம். முதல் உலகப் போரில் ஜெர்மனி கொழுப்புப் பஞ்சத்தில் நொந்திருந்தது. வெண்ணெயும் எண்ணெயும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும், கடலை மூடியவன் கையில் நாட்டின் வயிறு என்ற பாடம் நாஜி ஆட்சியாளர்களுக்கு மறக்கவில்லை. எனவே ஹிட்லரின் பொருளாதார ஆலோசகர் வில்ஹெல்ம் கெப்லர் வரை இந்தத் திட்டத்தின் பின்னால் நின்றார்கள். 1930களின் பிற்பாதியில் ஹென்கெல் நிறுவனத்தின் பங்கோடு விட்டனில் கொழுப்பு அமில ஆலை எழுந்தது.

சோப்பிலிருந்து உணவுக்கு ஒரு படிதான். கொழுப்பு அமிலத்தைச் சுத்தம் செய்து கிளிசரினோடு இணைத்தால் கொழுப்பு. 1854இல் பெர்த்தலோ குழாயில் செய்த அதே வினை இப்போது ஆலையளவில் நடந்தது. வெள்ளையான அந்தக் கொழுப்புக்கு நீரும் உப்பும் நிறமும் சேர்த்து வெண்ணெய்ச் சாயல் கொடுத்தார்கள். கோலேபுட்டர், அதாவது நிலக்கரி வெண்ணெய், என்று மக்கள் அதை அழைத்தார்கள். எளிதில் கெட்டுப் போகாது என்பது அதன் பெருமை.

இந்த ஆலையின் கதையில் இரண்டு செய்திகளை எந்த வரலாற்றாசிரியரும் தாண்டிப் போக முடியாது. முதலாவது, இம்ஹாவ்ஸன் தாய்வழியில் யூதர். நாஜிச் சட்டத்தின் கண்ணில் அவர் முழு ஆரியர் அல்ல. ஆனால் நிலக்கரியிலிருந்து சோப்பும் கொழுப்பும் எடுத்தவரை இழக்க ஆட்சி விரும்பவில்லை. 1937இல் நாஜித் தலைவர் கோரிங்கின் பரிந்துரையின்பேரில் ஹிட்லர் அவரை முழு ஆரியர் என்று அறிவித்தார். இன வெறியையே சட்டமாக்கிய அரசு, தன் வயிற்றுக்காக அந்தச் சட்டத்தைத் தானே மடித்து வைத்தது.

இரண்டாவது இன்னும் கனமானது. புதிய கொழுப்பு உடலுக்கு ஏற்றதா என்று சோதிக்க வேண்டியிருந்தது. விலங்குகளுக்குப் பிறகு மனிதர்கள் மேல் நடந்த சோதனைகளில் வதை முகாம்களில் அடைபட்டிருந்த கைதிகளும் இருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாதவர்களின் வாயில்தான் அந்த வெண்ணெய் வைக்கப்பட்டது. உணவு அறிவியலின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான பக்கம் அதிகம் இல்லை.

சோதனைகள் காட்டிய உண்மை இதுதான்: அந்தக் கொழுப்பு எரிபொருளாக உடலுக்குப் பயன்பட்டது, ஆனால் அது வெண்ணெயுமல்ல, தேங்காய் எண்ணெயுமல்ல. இயற்கைக் கொழுப்பின் அமிலங்களில் கரி அணுக்கள் பெரும்பாலும் இரட்டைப்படையாகவே இருக்கும், ஏனென்றால் உயிர்கள் அவற்றை இரண்டிரண்டாகக் கோக்கின்றன. நிலக்கரிக் கொழுப்பிலோ பாதியளவு ஒற்றைப்படை, கிளைவிட்ட சங்கிலிகளும் கலந்திருந்தன. கிளைச் சங்கிலிகளை உடல் முழுதாக எரிக்க முடியாமல், அரைகுறையாக உடைத்துச் சிறுநீரில் வேறு அமிலங்களாக வெளியேற்றியது. போருக்குப் பின் பிரிட்டிஷ் வல்லுநர்கள் ஆலைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். அமெரிக்க, ஆப்பிரிக்க எண்ணெய் வித்துகள் மறுபடி துறைமுகங்களில் வந்து இறங்கின. டன் கணக்கில் நிலக்கரியைக் கொட்டிச் செய்யும் வெண்ணெய்க்கு அமைதிக்காலத்தில் வேலை இல்லாமல் போயிற்று.

அடுத்த முயற்சி தெற்கு பிரான்ஸில், மார்செய் நகருக்கு அருகே லாவெரா சுத்திகரிப்பு ஆலையில் முளைத்தது. ஆல்ஃபிரட் சம்பாஞா என்பவர் பிரிட்டிஷ் பெட்ரோலியத்தின் பிரெஞ்சுக் கிளையில் பணியாற்றிய வேதியியலர். கச்சா எண்ணெயில் கலந்துள்ள மெழுகு குளிரில் உறைந்து டீசலைக் கட்டியாக்கிவிடும். அதை அகற்றுவது செலவு பிடித்த வேலை. சில வகை ஈஸ்டுகள் அந்த மெழுகை மட்டும் ஆவலோடு தின்னும் என்பது நுண்ணுயிரியலருக்குத் தெரியும். 1950களின் முடிவில் சம்பாஞாவின் மனத்தில் இரண்டும் இணைந்தன. ஈஸ்டைக் கொண்டு மெழுகைத் தின்னவைத்தால் டீசலும் சுத்தமாகும், கொழுத்த ஈஸ்டும் மிஞ்சும். அந்த ஈஸ்டில் ஏறக்குறைய பாதி புரதம்!

மாவுச்சத்தில் வளரும் ஈஸ்ட் தன் உணவில் பாதியை மூச்சாக விட்டுவிடும். மெழுகில் வளர்வதோ ஒரு கிலோ மெழுகுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை தரும். காற்றிலுள்ள உயிர்வளி அதன் உடலில் சேர்ந்துகொள்வதால் வரும் ஆதாயம் அது. வேகம் அதைவிட மலைக்க வைத்தது. நன்கு தின்ற ஒரு மாடு நாளுக்கு அரைக் கிலோ அளவில் புரதம் சேர்க்கும்போது, அதே எடை ஈஸ்ட் ஆயிரம் கிலோவுக்கும் மேல் சேர்த்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள்.

காலமும் அதற்கு இசைவாக இருந்தது. 1960களில் ஐக்கிய நாடுகள் சபையின் மன்றங்களில் திரும்பத் திரும்ப ஒலித்த கவலை, புரதப் பற்றாக்குறை. பீகார் வறட்சியும் அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களும் உலகப் பத்திரிகைகளை நிரப்பிய ஆண்டு 1966. அந்த ஆண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் கேரல் வில்சன் இதற்கு ஒரு நல்ல பெயர் தேடினார். பாக்டீரியா, ஈஸ்ட், பெட்ரோலியம் என்ற சொற்களைக் கேட்டாலே மக்கள் முகம் சுளிப்பார்கள் என்று 'ஒற்றைச் செல் புரதம்' என்று பெயர் வைத்தார். உலகின் எண்ணெய் உற்பத்தியில் மிகச் சிறு பங்கை ஒதுக்கினால் போதும், மனிதகுலத்தின் புரதக் குறையே தீர்ந்துவிடும் என்ற பேச்சு எங்கும் பரவியது. இந்தியாவும் விலகி நிற்கவில்லை. டேராடூனின் பெட்ரோலிய ஆய்வு நிறுவனமும் ஜோர்ஹாட்டின் மண்டல ஆய்வுக்கூடமும் பெட்ரோலியத்தில் ஈஸ்ட் வளர்த்துப் பார்த்தன. 1976இல் யுனெஸ்கோ தன் அறிவியல் பரிசைச் சம்பாஞாவுக்கு வழங்கியது.

1970களின் தொடக்கத்தில் லாவெராவிலும் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்திலும் ஆலைகள் ஓடத் தொடங்கின. டோப்ரினா என்ற பெயரில் வந்த பொடியைக் கோழிக்கும் பன்றிக்கும் கன்றுக்கும் தீவனமாகப் போட்டார்கள். அதற்குத் தோதாக 1972இல் பெரு நாட்டின் கடலில் நெத்திலி இனமான ஆன்கோவெட்டா சரிந்தது. 1970இல் 1.2 கோடி டன்னுக்கும் மேல் பிடிபட்ட மீன் மூன்றே ஆண்டில் சுமார் ஆறில் ஒரு பங்காகிவிட, உலகத் தீவனச் சந்தையில் மீன்தூள் அரிதாயிற்று. 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதியையே சில காலம் தடுத்தது. ஐரோப்பாவின் மாட்டுப் பண்ணைகள் திகைத்தன. பெட்ரோலியப் புரதத்துக்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தவர்கள் பெரிய ஆலைகளுக்கு அடித்தளம் போட்டார்கள். இத்தாலியில் மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் ஆற்றலுள்ள ஆலைகள் இரண்டு: சார்டீனியத் தீவின் சாரோக்கில் ஒன்று, தெற்குக் கலாப்ரியாவின் சாலினே யோனிகேவில் இன்னொன்று.

அதே 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதத்தில் 12 டாலரை நெருங்கியது. மூலப்பொருளின் விலை நான்கு மடங்காகும்போது, பிரேசில் தன் சமவெளிகளில் சோயாவை விதைத்துக் குவித்தது. சோயாப் பிண்ணாக்கு மலிந்தது. எண்ணெயை நம்பி வளர்ந்த ஈஸ்டுக்குப் பிண்ணாக்குதான் எமனாக வந்து நின்றது.

விலை ஒரு பக்கம், அச்சம் இன்னொரு பக்கம். ஜப்பானில் கானெகாஃபுச்சி, டைநிப்பான் இங்க் நிறுவனங்கள் ஆலைக்குத் தயாரானபோது, வீட்டுப் பெண்களும் நுகர்வோர் அமைப்புகளும் தெருவுக்கு வந்தார்கள். மினமாட்டாவின் பாதரச நஞ்சை நேரில் கண்ட நாடு அது. ரசாயன ஆலை பாதுகாப்பானது என்று நிறுவனம் சொன்னால் நம்பும் மனநிலை அங்கே எஞ்சியிருக்கவில்லை. பெட்ரோலியத்தில் புற்றுநோய் தரும் சேர்மங்கள் உண்டே, அவை இறைச்சியில் வராதா என்று கேட்டார்கள். 1973இல் நிறுவனங்கள் பின்வாங்கின. இத்தாலியில் பன்றிக் கொழுப்பில் பாராஃபின் எச்சம் தங்குகிறது என்ற வாதம் எழ, சுகாதாரத் துறை அனுமதி தரவில்லை. சாரோக் ஆலை 1978இல் மூடப்பட்டது.

சாலினே யோனிகேவின் கதை மனத்தை வருத்துவது. 1970இல் ரெஜ்ஜோ கலாப்ரியா நகரம் மாநிலத் தலைநகர் உரிமை கேட்டுக் கலவரத்தில் இறங்கியது. வேலை தருகிறோம் என்று ரோம் வாக்களித்த தொழிற்சாலைகளில் இதுவும் ஒன்று. பெர்கமாட் எலுமிச்சை விளையும் கடற்கரையில் ஆலையும் துறைமுகமும் வானுயர்ந்த புகைபோக்கியும் எழுந்தன. எடுத்த எடுப்பில் தடை விழுந்தது. வேலைக்குச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் அரசின் வேலையிழப்புப் படியில் வாழ்ந்தார்கள். மெழுகு தின்னும் ஈஸ்டை அங்கே யாரும் சந்தைக்கு அனுப்பவே இல்லை.

பெட்ரோலியப் புரதத்தை மெய்யாகவே பேரளவில் செய்த நாடு சோவியத் ஒன்றியம். அங்கே சந்தை விலை தீர்ப்புச் சொல்லவில்லை, திட்டக் குழு சொன்னது. 1972 முதல் அமெரிக்கத் தானியம் வாங்க வேண்டியிருந்த நிலை கிரெம்ளினை உறுத்தியது. 1980இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் தானிய ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது உறுத்தல் காயமானது. எண்ணெய் சொந்த மண்ணில் கிடந்தது. சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே ஈஸ்ட் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, 1980களில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் தீவனப் புரதம் தந்தன. பப்ரின் என்பது அதன் பெயர்.

அந்த நாட்டில் இந்தக் கனவுக்கு ஓர் அறமும் சேர்ந்திருந்தது. அறிவியல் கழகத்தின் தலைவராக 1951 முதல் 1961 வரை இருந்த அலெக்சாண்டர் நெஸ்மெயானோவ் சிறுவயதிலேயே இறைச்சியைத் துறந்தவர். உயிர்க் கொலையை அவர் நெஞ்சு ஏற்கவில்லை. வேதியியலைக் கொண்டு மனிதனை அதிலிருந்து விடுவிக்கலாம் என்று நம்பி, பதவி முடிந்தபின் தன் ஆய்வுக்கூடத்தைச் செயற்கை உணவின் பக்கம் திருப்பினார். மாஸ்கோவில் 1960களில் அவர் குழு உருவாக்கிய செயற்கைக் கேவியர், உண்மையான மீன்முட்டையைப் போலவே கண்ணுக்கும் நாவுக்கும் தோன்றியது. அதில் பால் புரதம்தான் இருந்தது என்றாலும் அவர் பார்வை அதற்கும் அப்பால், வயலையும் கொட்டிலையும் தேவையற்றதாக்கும் உணவின் மேல் இருந்தது. கொல்லாமையை ஆய்வுக்குழாயில் தேடிய அந்த முதியவரைத் தமிழ் வாசகர் எளிதில் புரிந்துகொள்வார்.

ஆலைகளின் அருகே வாழ்ந்தவர்களின் அனுபவம் வேறு. லெனின்கிராட் மாகாணத்தின் கிரிஷி நகரில் 1970களின் நடுவே ஓடத் தொடங்கிய ஆலையின் புரதத் தூசி காற்றில் கலந்தது. குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் பரவின. 1987இல் அந்தச் சிறிய நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஆலையை எதிர்த்தார்கள். கொர்பச்சோவ் காலத்தில் சோவியத் மண்ணில் வெடித்த முதல் பெரிய சுற்றுச்சூழல் போராட்டங்களில் அதுவும் ஒன்று. மற்ற ஆலை நகரங்களும் தொடர்ந்தன. 1990களின் தொடக்கத்தில், அந்த அரசோடு சேர்ந்து, பாராஃபின் புரதமும் மறைந்தது. மாட்டுக்குப் போட்ட தீவனத்தைப் பற்றி நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். மூச்சுவிடும் குழந்தையின் நெஞ்சைப் பற்றி யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை.

பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் இத்தனை அச்சத்தையும் ஒரே தாண்டலில் தாண்ட நினைத்தது. எண்ணெயே வேண்டாம், வட கடல் இயற்கை எரிவாயுவிலிருந்து மெத்தனால் எடுத்து அதில் ஒரு பாக்டீரியாவை வளர்க்கலாம். மெத்தனால் நீரில் கரையும், எச்சம் தங்காது. பில்லிங்ஹாமில் சுமார் 60 மீட்டர் உயரத்தில், 15 லட்சம் லிட்டர் கொள்ளளவோடு எழுந்த நொதிக்கலன் அன்றைக்கு உலகிலேயே பெரியது. வேறொரு கிருமியும் நுழையாமல் இத்தனை பெரிய கலனைத் தொடர்ந்து ஓட்டியது பொறியியலின் மெய்யான சாதனை. புருட்டீன் என்ற அந்தப் பொடியில் 70 விழுக்காட்டுக்கும் மேல் புரதம். 1980இல் அதன் பாக்டீரியாவுக்கு வேறொரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து விளைச்சலைக் கூட்டவும் செய்தார்கள். இவ்வளவும் செய்து முடித்தபோது எரிவாயு விலை ஏறியிருந்தது, சோயா விலை இறங்கியிருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கலன் நின்றுவிட்டது.

அந்த முதலீட்டிலிருந்து ஒரு கிளை மட்டும் தழைத்தது. 1967இல் இங்கிலாந்தின் மார்லோ ஊர் மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையை மனித உணவாக்க, மாவு வணிகரான ரேங்க் பிரபுவின் நிறுவனம் பல ஆண்டுகளாக உழைத்து வந்தது. ஐ.சி.ஐ.யின் சோதனைக் கலன் அதற்குக் கிடைத்தது. 1985இல் அரசு அனுமதித்த குவார்ன் இன்றும் கடைகளில் விற்கிறது. ஆனால் அந்தப் பூஞ்சை தின்பது தானியத்திலிருந்து எடுத்த குளுக்கோஸ். வயலிடமே திரும்பிப் போனதால் அது பிழைத்தது.

இங்கே ஒரு கேள்வியை நேராகக் கேட்க வேண்டும். புரதப் பற்றாக்குறை என்று உலகம் பதறியதே, அது உண்மைதானா? சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன், குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியைத் தொடங்கி, அது ஹைதராபாத்துக்கு மாறியபின் அதன் தலைவரானவர். ஏழைக் குழந்தைகளின் உணவை நேரில் அளந்து பார்த்த அவர் குழுவினர் ஓர் எளிய உண்மையைச் சொன்னார்கள். சோறும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தாலே புரதமும் பெரும்பாலும் போதுமான அளவு சேர்ந்துவிடும். குறைவது முழு உணவு. புள்ளியியலர் பி.வி. சுகாத்மேயும் கணக்கின் வழியே அதே இடத்துக்கு வந்தார். 1974இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்ட் மெக்லாரன் லான்செட் மருத்துவ இதழில் புரதக் கவலையையே ஒரு பெருந்தோல்வி என்று எழுதினார். பொடி தயாரிக்க ஓடியவர்கள் பசித்தவனின் தட்டை எட்டிப் பார்க்காமலே ஓடியிருக்கிறார்கள். பணமில்லாதவனுக்குச் சோயா வாங்கவும் வழியில்லை, பெட்ரோலிய ஈஸ்ட் வாங்கவும் வழியில்லை.

மனிதர்கள் நேரடியாக உண்ண வேறொரு தடையும் இருந்தது. விரைந்து பெருகும் உயிர்களில் நியூக்ளிக் அமிலம் மிகுதி. ஈஸ்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வரை, பாக்டீரியாவில் அதற்கும் மேல். மனித உடல் அதை யூரிக் அமிலமாக்கும், மிஞ்சினால் மூட்டுவாதமும் சிறுநீரகக் கல்லும். எனவே நாளுக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று ஐ.நா.வின் புரத ஆலோசனைக் குழு வரம்பு விதித்தது.

கூர்ந்து பார்த்தால் இதுவரை சொன்ன எதுவும் தாவரத்திடமிருந்து முழுதாக விடுபடவில்லை. நிலக்கரி 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காடு. பெட்ரோலியம் பழங்கடல் பாசி. பழைய வெயிலைத் தோண்டி எடுத்து உண்ணப் பார்த்தார்கள், அவ்வளவே. வெயிலே படாத உணவுச் சங்கிலி உண்டா என்பதற்கு 1977 பிப்ரவரியில் விடை கிடைத்தது. கலாபகோஸ் தீவுகளுக்கருகே இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் ஆல்வின் நீர்மூழ்கியில் இறங்கியவர்கள், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிச் சிப்பிகளும் நண்டுகளும் ஆளுயரக் குழாய்ப் புழுக்களும் அடர்ந்திருக்கக் கண்டார்கள். அந்தப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை எரித்து, அந்த ஆற்றலால் கரியைச் சேர்த்து ஊட்டுகின்றன. பச்சையம் செய்யும் வேலையை இருட்டில் செய்யும் உயிர்கள் உண்டு என்று செர்கேய் வினோகிராட்ஸ்கி 1880களிலேயே நிறுவியிருந்தார். அப்படி ஓர் ஊரே வாழும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஹைட்ரஜனை எரித்து வாழும் நிலவாழ் பாக்டீரியாவும் உண்டு. 1960களில் நாசாவின் கவனம் அதன்மேல் விழுந்தது. நீரை மின்சாரத்தால் பிரித்தால் ஹைட்ரஜன். விண்கலத்தில் வீரர் விடும் மூச்சில் கரியமில வாயு. இரண்டையும் ஊட்டினால் பாக்டீரியா வளரும். 1969இல் கலிபோர்னியாவில் டோரிஸ் கேலவே குழுவினர் தன்னார்வலர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. ஆர்வம் தணிந்தது.

பின்னாளில் தமிழகத்திலும் ஒரு சிறு முயற்சி நடந்தது. ஆடம்பரம் இல்லாதது, ஆனால் நினைவில் வைக்கத் தக்கது. ஸ்பிருலினா தாவரமல்ல, சூரிய ஒளியில் வாழும் நீலப்பச்சைப் பாக்டீரியா. மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் அஸ்டெக் மக்களும், ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரையில் கானெம்பு பெண்களும் அதை வழித்து உலர்த்தி வில்லையாக்கி உண்டவர்கள். சென்னையின் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தை வழிநடத்திய சி.வி. சேஷாத்ரி, எஃகுக் கலனும் மின்விசிறியும் இல்லாமல் மண்பானையிலும் சிறு தொட்டியிலும் கிராமப் பெண்களே அதை வளர்க்கும் முறையை உருவாக்கினார். 1990களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு கிராம் கொடுத்துப் பார்த்ததில், வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் படரும் வெண்புள்ளிகள் குறைந்தன. புரதத்துக்காகத் தேடிய உயிர் பார்வைக்கு உதவியது. விளைவிப்பவரும் உண்பவரும் ஒரே ஊரில் இருந்ததால் யார் சோதிக்கப்படுகிறார் என்ற மறைவும் அதில் இல்லை.

ஹைட்ரஜன் பாக்டீரியா பின்லாந்தில் திரும்பி வந்திருக்கிறது. 2017இல் தொடங்கிய சோலார் ஃபுட்ஸ் நிறுவனம், மின்சாரத்தால் நீரைப் பிரித்து, கரியமில வாயுவும் அம்மோனியாவும் தாது உப்பும் ஊட்டி வளர்க்கும் பாக்டீரியாவின் மஞ்சள் பொடிக்குச் சோலைன் என்று பெயரிட்டது. 2022இல் சிங்கப்பூர் அதை உணவாக அனுமதித்தது. அடுத்த ஆண்டு அங்கே ஓர் உணவகத்தில் அது ஐஸ்கிரீமாகப் பரிமாறப்பட்டது. 2024 ஏப்ரலில் வான்டாவில் திறந்த ஆலையின் ஆற்றல் ஆண்டுக்கு 160 டன். இங்கே கரி காற்றிலிருந்தே வரலாம், ஹைட்ரஜன் நீரிலிருந்து, நைட்ரஜன் மறுபடி காற்றிலிருந்து. பெர்த்தலோ விருந்தில் சொன்ன பட்டியல் வரிக்கு வரி நிறைவேறியிருக்கிறது, அவர் குறித்த ஆண்டுக்கு இருபத்துச் சொச்சம் ஆண்டு பிந்தி. அமெரிக்காவில் சேவர் என்ற நிறுவனமோ நேராகக் கொழுப்புக்கே போயிருக்கிறது. வாயுவிலிருந்து கரிச் சங்கிலி, அதிலிருந்து கொழுப்பு அமிலம், கிளிசரினோடு சேர்த்து வெண்ணெய் என்று விட்டனின் பாதையைப் போன்றதே அதன் பாதையும்.

சூரியத் தகட்டு மின்சாரத்தில் இப்படி வளர்த்தால், ஒரே அளவு நிலத்திலிருந்து சோயாவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் புரதம் எடுக்கலாம் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அமேசான் காட்டைச் சோயாவும் மேய்ச்சலும் தின்றுகொண்டிருக்கும் காலத்தில் இது சிறு செய்தி அல்ல. ஆனால் உலகில் ஆண்டுதோறும் விளையும் சோயா சுமார் 40 கோடி டன். வான்டாவின் 160 டன்னை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐ.சி.ஐ.யை எரிவாயு விலை முடித்தது போல இந்த ஆலைகளின் தலையெழுத்தை மின் கட்டணம் எழுதும். ஹைட்ரஜனுக்காக நீரைப் பிரிப்பதில்தான் செலவின் பெரும்பகுதி போகிறது. காற்றாலையும் சூரியத் தகடும் மலிந்த நாடுகளில் அந்தக் கணக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் நாசாவின் ஆழ்விண்வெளி உணவுப் போட்டியில் பன்னாட்டுப் பிரிவின் பரிசு சோலார் ஃபுட்ஸுக்குக் கிடைத்தது. சோயாப் பிண்ணாக்கு விலை பேசாத ஒரே சந்தை விண்கலம்தான் என்பதால், முதல் முழுநேர வாடிக்கையாளர்கள் அங்கிருந்து வரக்கூடும்.